பழைய உளிக்கு ஏற்ற கல்: கிங் 1000/6000 இருபக்க நீர்க்கல், ஒரு மதிப்புரை

ஜப்பானின் மட்சுனாகா நிறுவனம் ‘கிங்’ என்ற பெயரில் விற்கும் 1000/6000 இருபக்க நீர்க்கல்லை (நீர் விட்டுக் கருவிகளைத் தீட்டும் கல்; எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்) பற்றி எழுதப்பட்ட மதிப்புரைகளில் பெரும்பாலானவை சமையலறைக் கத்தி தீட்டுவோருடையவை. கத்திக்கு நன்றாக அமையும் கல் தச்சுக் கருவிக்கும் அப்படியே அமையும் என்று கொள்ள முடியாது. கத்தியின் விளிம்பு வளைந்தது. கல்லில் கொஞ்சம் குழி விழுந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். உளிக்கும் இழைப்புளி அலகுக்கும் அந்தச் சலுகை இல்லை. அவற்றின் தட்டைப் பக்கம் உண்மையிலேயே தட்டையாக இருந்தால்தான் சரிவுப் பக்கத்தில் நாம் படும் பாடு பலன் தரும். ஆகவே இக்கல்லை, அடுக்குமாடி வீட்டில் பழைய தச்சுக் கருவிகளைச் சீர்செய்து பயன்படுத்த விரும்பும் ஒருவரின் நோக்கில் மட்டுமே இங்கே எடைபோடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பழைய கரி எஃகுக்கு இந்த விலையில் இதைவிடப் பொருத்தமான கல்லை நான் காணவில்லை. புதிய கலப்பு எஃகுக் கருவிகளை மட்டுமே வைத்திருப்பவர்கள் வேறு கல்லைத் தேடுவது நல்லது.

நான் தீட்டியவை, செம்பவாங் கடற்படைத் தளத்தில் தச்சராக வேலை பார்த்த என் மாமனாரின் பெட்டியிலிருந்து வந்தவையும், பின்னர் பழைய பொருள்களை இணையத்தில் விற்கும் கேரோசெல் தளம் வழியாக ஒவ்வொன்றாக வாங்கியவையும் ஆகும். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்பட்ட பிறகு, சிங்கப்பூரில் பழைய கருவிகளைக் கையில் எடுத்துப் பார்த்துப் பேரம் பேசி வாங்கும் வாய்ப்பு பெரிதும் குறைந்துவிட்டது; இப்போது பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியின் காரணமாக இங்கே கிடைக்கும் பழைய உளிகளிலும் இழைப்புளிகளிலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் செய்யப்பட்டவை கணிசம். மார்பிள்ஸ் உளிகள், 1931 முதல் ரெக்கார்டு என்ற பெயரில் வந்த இரும்பு இழைப்புளிகள், அவற்றுக்கு முன்மாதிரியான அமெரிக்க ஸ்டான்லி இழைப்புளிகள் ஆகியவற்றை அடிக்கடி பார்க்கலாம். பழைய உளிகள் சிலவற்றில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்ற முத்திரை இருக்கும். அது வார்ப்பிரும்பு அன்று. பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740களில் ஷெஃபீல்டில் உருவாக்கிய முறைப்படி மூசையில், அதாவது சூடு தாங்கும் மண்கலத்தில், உருக்கி எடுத்த எஃகு. அப்படிப்பட்ட முத்திரை தெரிந்தால், மேலே எவ்வளவு துரு இருந்தாலும் வாங்கத் தயங்க வேண்டாம். துரு ஆழமாகக் குழி பறித்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்லுக்கு வருவோம். எனக்குக் கிடைத்தது கேடபிள்யூ 65 என்ற வகை. ஏறத்தாழ 185 மி.மீ. நீளம், 63 மி.மீ. அகலம், 25 மி.மீ. தடிமன் கொண்டது, கூடவே ஒரு பிளாஸ்டிக் தாங்கியும் வருகிறது. செங்காவி நிறத்தில் இருப்பது 1000 பக்கம். வெளிர் நிறத்தில் மெல்லியதாக ஒட்டப்பட்டிருப்பது 6000 பக்கம். ஜப்பானியத் தர அளவின்படி 1000 என்றால் உராய்வுத் துகளின் சராசரி அளவு சுமார் 12 மைக்ரான். 6000 என்றால் சுமார் 2 மைக்ரான். அகலத்தைப் பற்றி ஒரு சொல். ஸ்டான்லி வரிசைப்படி எண்ணிடப்படும் இழைப்புளிகளில் நான்காம் எண், ஐந்தாம் எண் ஆகியவற்றின் அலகு பெரும்பாலும் 2 அங்குலம், அதாவது 51 மி.மீ.; கல்லின் மேல் தாராளமாக அமரும். ஏழாம் எண் போன்ற நீண்ட இழைப்புளியின் அலகோ 60 மி.மீ.; இருபுறமும் சேர்த்து 3 மி.மீ. இடமே மிஞ்சும். கை சற்று விலகினாலும் அலகின் மூலை கல்லை விட்டு இறங்கிவிடும், ஏறும்போது கல்லைக் கீறும். பெரிய அலகுகள் பல வைத்திருப்பவர்கள் இதே வரிசையில் கிடைக்கும் அகலமான கல்லைக் கேட்டு வாங்குவதே முறை.

துருவைக் களைய இந்தக் கல்லைப் பயன்படுத்த வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. துருத்துகள் கல்லின் நுண்துளைகளில் புகுந்து அடைத்துக்கொள்ளும். தவிர, அது கல்லை வீணடிக்கும் வேலை. ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் அளவில் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, மரப்பிடி நனையாதபடி எஃகுப் பகுதியை மட்டும் சில மணி நேரம் முக்கி வைத்தால் துரு கறுத்து இளகிவிடும். பித்தளைத் தூரிகையால் தேய்த்து எடுத்துவிடலாம். கேக் செய்வதற்கான பொருள்களை விற்கும் கடைகளில் இந்த அமிலம் பொடியாகவே கிடைக்கிறது. எடுத்தவுடன் சமையல் சோடா கலந்த நீரில் கழுவி, அந்த நிமிடமே துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும். இங்குள்ள காற்றின் ஈரத்தில், அமிலத்திலிருந்து வெளியே வந்த வெறும் எஃகு தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் மஞ்சள் பூத்துவிடும். அதன்பின் தட்டைப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். கூர்விளிம்பை ஒட்டிய முதல் 20 மி.மீ. பகுதியில் ஆழமான துருக்குழிகள் இருந்தால் 1000 பக்கம் அவற்றைக் களைவதற்குள் கல் பாதி தேய்ந்துவிடும். கண்ணாடிப் பலகையில் ஒட்டிய 120, 220 எண் உப்புத்தாளில் அந்தப் பகுதியைத் தட்டையாக்கிக்கொண்டு கல்லுக்கு வருவதே சிக்கனம். உளியின் முழு நீளத்தையும் பளபளப்பாக்க முயல்வோர் உண்டு. அழகுக்கு ஆகுமே தவிர வேலைக்கு ஆகாது.

இனி 1000 பக்கம். இந்தக் கல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நீரில் இட்டால் குமிழிகள் எழும். அவை நிற்கும்வரை, ஏறத்தாழ பத்து நிமிடம், ஊறவிட வேண்டும். ஊறிய கல்லின் மேல் பழைய உளியின் சரிவுப் பக்கத்தை வைத்து இழுக்கத் தொடங்கியதும் கறுப்பான சேறு எழுகிறது. அந்தச் சேறு கெட்டது அன்று. அதைக் கழுவிக் கழுவி விடுபவர்கள் கல்லின் வேலையில் பாதியை வடிகாலில் விடுகிறார்கள். கல்லின் பிணைப்பு மென்மையானதால் மழுங்கிய துகள்கள் உதிர்ந்து கீழிருந்து புதிய துகள்கள் மேலே வந்துகொண்டே இருக்கின்றன. ஏறத்தாழ 1 விழுக்காடு கரி மட்டும் சேர்ந்த பழைய எஃகு இந்தத் துகள்களுக்கு எளிதாக இணங்குகிறது; நன்றாக மழுங்கிய அரை அங்குல உளியில்கூடச் சில நிமிடங்களில் விளிம்பு முழுவதும் பிசிறு, அதாவது மறுபக்கம் மடியும் மெல்லிய எஃகு இழை, எழுவதை விரல் நுனியால் உணரலாம். மிகப் பழைய அலகுகளில், மெல்லிய எஃகுத் தகட்டை மென்மையான இரும்பின் மேல் உலையில் பற்றவைத்திருப்பார்கள். அவற்றைத் தீட்டும்போது இரும்பு மங்கலாகவும் எஃகு பளிச்சென்றும் பிரிந்து தெரியும். பெரும்பகுதி மென்மையான இரும்பாகவே இருப்பதால் அவை இன்னும் விரைவாகத் தீட்டப்படுகின்றன. இதற்கு நேர்மாறானது இன்றைய ஏ2 எஃகு. அதில் சுமார் 5 விழுக்காடு குரோமியம் கலந்திருக்கிறது. குரோமியக் கார்பைடுத் துகள்கள் கடினமானவை. கல்லைத் தேய்ப்பது உளியா, உளியைத் தேய்ப்பது கல்லா என்ற ஐயம் வந்துவிடும். 12 விழுக்காடு குரோமியம் உள்ள டி2 வகையை நான் இதில் தீட்டப் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்சாரச் சாணை இருக்க இவ்வளவு மெதுவான வழி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். கரி எஃகின் கடினம், அதைக் காய்ச்சித் தோய்த்துப் பின்பு மிதமான சூட்டில் பதப்படுத்தியதால் வந்தது. தீட்டும்போது விளிம்பு அந்தச் சூட்டைத் தாண்டினால் பதம் போய்விடும். 300 பாகை செல்சியஸை நெருங்கும்போது எஃகு நீலம் பாரிக்கும், அந்தப் பகுதி பிறகு கூர் தாங்காது. இங்குள்ள ஒரு சாணைக்கடையில் கொடுத்து வாங்கிய ஓர் உளியின் இரண்டு மூலைகளும் நீலமாகத் திரும்பி வந்தன. அந்த 2 மி.மீ. பகுதியை முழுவதும் அரைத்து எடுத்த பிறகே அந்த உளி மீண்டும் உளியாயிற்று. நீர்க்கல்லில் அந்த ஆபத்து அறவே இல்லை. அத்துடன், தீப்பொறியும் இரைச்சலும் இல்லாத வேலை என்பதால் வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் பின்கட்டில் இரவு உணவுக்குப் பிறகும் தீட்டலாம். கீழ்வீட்டார் கதவைத் தட்ட மாட்டார்கள். ஆனால் ஒன்று: விளிம்பு பெரிதாக உடைந்திருந்தால் 1000 பக்கம் போதாது. அதற்கு 250 அல்லது 300 எண்ணுள்ள முரட்டுக்கல்லோ முன்பு சொன்ன உப்புத்தாளோ தனியாக வேண்டும். இந்தச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

6000 பக்கத்தை ஊறவைக்கத் தேவையில்லை, ஊறவைக்கவும் கூடாது. மேலே நீர் தெளித்தாலே போதும். நெடுநேரம் நீரில் கிடந்தால் இரு பக்கங்களையும் இணைக்கும் ஒட்டு தளர வாய்ப்பு உண்டு; எனவே 1000 பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, கல்லின் பாதி உயரத்துக்கு மேல் நீர் ஏறாமல் ஊறவைப்பதே பாதுகாப்பு. இந்தப் பக்கத்தின் பரப்பு வழுவழுப்பானது. உளியைத் தள்ளும்போது விளிம்பு கல்லைக் குத்திச் செதில் எடுத்துவிடும். ஆகையால் இழுக்கும் திசையில் மட்டும் அழுத்தம் தர வேண்டும். தட்டைப் பக்கம் சில சமயம் கல்லோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். இரண்டும் தட்டையாக இருப்பதன் அடையாளம் அது. சில துளி நீர் விட்டால் விடும். இங்கே கிடைக்கும் கூர் மரவேலைக்கு முழுமையாகப் போதுமானது. இதற்கு மேல் 8000, 12000 என்று கல் வாங்கிக் குவிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு துண்டுத் தோலில் பச்சைநிறக் குரோமியம் ஆக்சைடு மெழுகைத் தடவி, அதில் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்தால் எஞ்சிய பிசிறும் உதிர்ந்துவிடுகிறது.

கோணத்தைக் கையால் பிடிக்கப் பழகாதவர்கள் அலகைப் பக்கவாட்டில் இறுக்கிக் கோணம் மாறாமல் கல்லின் மேல் உருட்டும் சிறு தீட்டுவண்டி ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். ஷெஃபீல்டின் எக்லிப்ஸ் 36 என்ற பழைய வடிவத்தைப் பின்பற்றிய வண்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அந்த வடிவத்தில் இழைப்புளி அலகை வண்டியின் முகப்பிலிருந்து 38 மி.மீ. வெளியே நீட்டினால் 30 பாகை, 50 மி.மீ. நீட்டினால் 25 பாகை. உளியானால் 30 மி.மீ., 40 மி.மீ. என்று கொள்ள வேண்டும். ஆனால் 185 மி.மீ. நீளமுள்ள கல்லில் வண்டியின் சக்கரமும் அலகும் சேர்ந்தே ஓட வேண்டியிருப்பதால், உண்மையில் பயன்படும் நீளம் பெரிதும் சுருங்கிவிடுகிறது. இது இந்தக் கல்லின் அளவு தரும் இடைஞ்சல். வண்டி வைத்தே தீட்டுவோர் இதையும் எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். சக்கரம் ஒரே தடத்தில் ஓடினால் கல்லில் நடுவே பள்ளமும் விழும்.

பள்ளத்தைப் பற்றிப் பேசாமல் எந்த மென்மையான நீர்க்கல்லையும் மதிப்பிட முடியாது. விரைவாக வெட்டுவதற்குக் காரணமான அதே மென்மைதான் கல் விரைவாகக் குழிவதற்கும் காரணம். ஒன்றை வேண்டும் என்பவர் மற்றதையும் ஏற்றாக வேண்டும். குழிந்த கல்லில் உளியின் தட்டைப் பக்கத்தைத் தேய்த்தால் அது மெல்ல மெல்லக் குவிந்து வட்டமாகும்; அப்படி வட்டமான உளி, நாம் இட்ட கோட்டை ஒட்டி நேராக இறங்காது, பொருத்துவாயின் சுவரை விட்டு விலகி ஓடும். குழிவு கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருப்பது காலம் கடந்த செயல். கல்லின் மேல் பென்சிலால் கட்டங்கள் வரைந்து, கண்ணாடிப் பலகையில் வைத்த 220 எண் நீர் உப்புத்தாளின் மேல் கோடுகள் அனைத்தும் மறையும்வரை தேய்க்க வேண்டும். நடுவில் மட்டும் கோடு மிஞ்சினால் கல் எவ்வளவு குழிந்திருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும். 1000 பக்கத்துக்கு ஒவ்வொரு முறை தீட்டி முடித்த பிறகும், 6000 பக்கத்துக்கு அவ்வப்போதும் இதைச் செய்தால் வேலை இரண்டு நிமிடத்தில் முடிகிறது. தள்ளிப்போட்டால் அரை மணி நேரமும் ஒரு கிண்ணம் சேறும் ஆகின்றன. அடிக்கடி தீட்டுபவர்களுக்கு வைரத் தகடு வசதியானது, ஆனால் நல்ல தகட்டின் விலை கல்லின் விலையை மிஞ்சக்கூடும். சமையலறை அலமாரி செய்பவர்களிடம் 10 மி.மீ. கண்ணாடித் துண்டு கேட்டுப் பெறுவது எளிது. தேய்த்து முடித்ததும் கல்லின் ஓரங்களைச் சற்று மழுக்கிவிட வேண்டும். கூரிய ஓரம் உடைந்து விழும் சில்லு ஒன்று 6000 பக்கத்தில் சிக்கினால் அதுவரை செய்த வேலை பாழ்.

கல்லை ஊறவைப்பதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஜப்பானியத் தச்சர்கள் சிலர் முரட்டுக் கற்களை எப்போதும் நீர்த்தொட்டியிலேயே போட்டு வைப்பார்கள். சிங்கப்பூரில் அதைச் செய்யக் கூடாது. மூடாத நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு ஏழெட்டு நாளில் கொசுவாகப் பறந்துவிடும். வீட்டுச் சோதனையில் புழு கண்டுபிடிக்கப்பட்டால் தேசியச் சுற்றுப்புற வாரியம் குறைந்தது 200 வெள்ளி அபராதம் விதிக்கும். தீட்டி முடித்தவுடன் நீரைக் கொட்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். ஈரக் கல்லை உடனே பெட்டியில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் வைத்தால் வேகமாகக் காய்ந்து வெடிப்பு விழக்கூடும். நிழலில், காற்றாடிக்கு எதிரே, பக்கவாட்டில் நிறுத்தி உலர்த்துவதே நல்லது. சாணைச் சேற்றைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாமல் பழைய செய்தித்தாளில் வடித்துக் குப்பையில் போட்டால் குழாய் அடைக்காது, வீட்டில் பேச்சும் வாங்க வேண்டியதில்லை.

கருவியின் துரு இன்னொரு பக்கம். இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். நீரில் தீட்டுவதும் கரி எஃகும் இந்தக் காற்றும் சேர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. உளியைக் கல்லிலிருந்து எடுத்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, இழைப்புளியின் மேல்தகட்டைப் பொருத்துவதற்கு முன் அலகின் இரு பக்கமும் தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகப் பூச வேண்டும். மேல்தகட்டுக்கும் அலகுக்கும் இடையில் சிக்கிய ஈரம்தான் பலர் கவனிக்காமல் விடும் இடம். துருக்குழிகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. விரல்பட்ட இடங்களும் அப்படியே, வியர்வையின் உப்பு ஓர் இரவில் கைரேகையைப் பழுப்பாகப் பதித்துவிடும். பெட்டிக்குள் சூடம் போட்டு வைப்பது பழைய தச்சர்களின் வழக்கம். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு பொட்டலம் வாங்கினால் பல மாதம் வரும். சூடம் மட்டும் போதும் என்று நம்பி எண்ணெயைத் தவிர்க்க வேண்டாம். நன்றாக மூடும் பெட்டியும் சிலிக்கா மணிகளும் அதைவிட உறுதியானவை.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால்: வன்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாம்பல்நிற எண்ணெய்க்கல் நீடித்து உழைக்கும், துருவையும் தூண்டாது. ஆனால் அதன் நுண்பக்கம்கூட 1000 பக்கத்தின் கூருக்கு நிகராகாது. உப்புத்தாள் தொடக்கச் செலவில் மலிவு, தொடர்ந்து வாங்கும்போது அந்த மலிவு கரைந்துவிடும். கெட்டியான பீங்கான் வகைக் கற்கள் ஊறவைக்கத் தேவையற்றவை, குழிவதும் மெதுவானது. புதிய கலப்பு எஃகுக்கு அவைதான் சரி. அத்தகைய இரண்டு கற்களின் விலையில் ஒரு சிறு பங்குதான் இந்த இருபக்கக் கல்லின் விலை.

தீட்டிய கூரைப் பரிசோதிக்கப் பலர் கையின் முடியை மழிப்பார்கள். மரவேலைக்கு அது போதிய சோதனை அன்று. பைன் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தைச் சீவிப் பார்க்க வேண்டும். மென்மையான மரமாதலால் மழுங்கிய உளி அதன் நார்களை வெட்டாமல் நசுக்கி வெண்மையாக விட்டுவிடும். இந்தக் கல்லில் தீட்டிய மார்பிள்ஸ் உளி அதே முகத்தை மெழுகு பூசியதுபோல் விட்டது. மெராந்தி மரத்தில் நான்காம் எண் இழைப்புளி நார் கிழிக்காமல் சுருள் எடுத்தது. செங்கால் போன்ற கனமான மரத்தில் 25 பாகை விளிம்பு பொடிந்துவிடுகிறது. 30 பாகைக்கு மாற்றியதும் நின்றது. தேக்கில் மட்டும் ஏமாற்றம் காத்திருக்கும், அதற்குக் கல்லைக் குறைகூற முடியாது: தேக்கின் உடலிலேயே மணற்சத்து இருப்பதால் எந்தக் கரி எஃகும் அதில் விரைவில் மழுங்கும். அத்தகைய மரத்தில் வேலை செய்யும்போது கல்லை நனைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விளிம்பில் ஒளி மின்னத் தொடங்கியதும் 6000 பக்கத்தில் நாலைந்து இழுப்பு இழுத்துவிட்டுத் தொடர்வதே வேகமான வழி.

குழியுளிகளுக்கு இந்தத் தட்டைக் கல் உதவாது. அவற்றுக்கு வளைந்த சிறு கற்கள் தனியே உள்ளன. மரம் அறுக்கும் வாளின் பற்களுக்கு முக்கோண அரம்தான் வேண்டும். வாங்கும்போது கடையிலேயே பெட்டியைத் திறந்து, இரண்டு நிறங்கள் சேரும் ஒட்டுக்கோட்டில் இடைவெளி இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து, 6000 பக்கத்தின் நான்கு மூலைகளும் உடையாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவும். வீட்டுக்கு வந்ததும், புதுக்கல்லாயிற்றே என்று எண்ணாமல் பென்சில் கட்டங்களை வரைந்து ஒருமுறை தட்டையாக்கிய பிறகே முதல் உளியை அதில் வைக்கவும்.